அல்சைமர் நோயாளியின் ஆத்திரத்துக்கு மாத்திரை: பலன் எவ்வளவு, ஆபத்து எவ்வளவு?

அல்சைமர் என்றதும் மறதிதான் நம் நினைவுக்கு வரும். ஆனால், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களைக் கேட்டால் வேறொன்றைச் சொல்வார்கள். ராத்திரி முழுக்க உலாத்துவது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, குளிக்க வைக்கப் போனால் கத்துவது, கை ஓங்குவது. மருத்துவர்கள் இதை 'அஜிடேஷன்' என்கிறார்கள்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 7.4 சதவீதம் பேர், அதாவது 88 லட்சம் பேர், டிமென்ஷியாவுடன் வாழ்வதாக லாசி-டாட் ஆய்வு மதிப்பிடுகிறது. 'மாத்திரை கொடுக்கலாமா?' என்ற கேள்வி நாளை உங்கள் வீட்டிலும் எழலாம்.

கோபத்தை எப்படி அளக்கிறார்கள்?

சர்க்கரையைப் போல இதற்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. கோஹன்-மேன்ஸ்ஃபீல்ட் என்ற அளவுகோலில் 29 நடத்தைகள் உள்ளன. ஒவ்வொன்றும் எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்று பராமரிப்பவரிடம் கேட்டு, 1 முதல் 7 வரை புள்ளி போடுவார்கள். மொத்தம் 29 முதல் 203 வரை வரும்.

மருந்து வேலை செய்கிறதா?

அல்சைமர் அஜிடேஷனுக்கென்றே அமெரிக்காவின் எஃப்டிஏ முதன்முதலில் அனுமதித்த மருந்து பிரெக்ஸ்பிப்ரசோல். ஆண்டு 2023. அதற்கு அடிப்படையான ஆய்வுகளில் ஒன்றில் 345 பேர், 12 வாரம். தொடக்கத்தில் சராசரி சுமார் 80 புள்ளி.

மருந்து எடுத்தவர்களுக்கு 22.6 புள்ளி குறைந்தது. அடேங்கப்பா என்று தோன்றும். ஆனால், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் 17.3 குறைந்தது! அப்படியென்றால், மருந்தின் பங்கு சுமார் 5 புள்ளிதான்.

வெற்று மாத்திரையில் எப்படிக் குறையும்? நிலைமை மோசமாக இருக்கும்போதுதான் ஆய்வில் சேர்க்கிறார்கள். அது பிறகு தானாகவே கொஞ்சம் தணியலாம். கூடுதல் கவனிப்பும், 'சரியாகிவிடும்' என்ற குடும்பத்தின் எதிர்பார்ப்பும் புள்ளியை மாற்றலாம்.

ஆபத்து என்ன?

இது ஆன்டிசைக்காடிக் வகை மருந்து. இவ்வகையில் 17 ஆய்வுகளை 2005-இல் எஃப்டிஏ அலசியது. டிமென்ஷியா உள்ள முதியவர்களில், பொதுவாக 10 வாரம் நீடித்த அந்த ஆய்வுகளில், மருந்து எடுத்தவர்களில் சுமார் 4.5 சதவீதம் பேர் இறந்தனர். வெற்று மாத்திரைக் குழுவில் சுமார் 2.6 சதவீதம். நூறு பேருக்குக் கிட்டத்தட்ட 2 மரணம் கூடுதல். அந்த எச்சரிக்கை பிரெக்ஸ்பிப்ரசோலுக்கும் உண்டு.

வேறு வழி?

முதலில் காரணத்தைத் தேடுவதுதான். நார்வேயில் 18 முதியோர் இல்லங்களில் 352 பேரிடம் நடந்த ஆய்வு 2011-இல் வெளியானது. பாராசிட்டமாலில் தொடங்கி வலிக்குப் படிப்படியாகச் சிகிச்சை கொடுத்தார்கள். 8 வாரத்தில் அஜிடேஷன் சராசரியாக 17 சதவீதம் குறைந்தது. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவரின் வலி, கோபமாக வெளியே வரலாம்.

மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

- வலி, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வேறு மருந்தின் பக்கவிளைவு பார்த்தாச்சா?
- எந்த நடத்தை குறைய வேண்டும் என்று இந்த மருந்து?
- எப்போது மறுபரிசீலனை? பலன் இல்லையென்றால் எப்படி நிறுத்துவது?

மருந்து தொடங்கும் முன் ஒரு வாரம், தினமும் எத்தனை முறை கத்தினார், எப்போது என்று எழுதி வையுங்கள். பிறகு ஒப்பிட அது உதவும். ஏற்கெனவே மாத்திரை எடுக்கிறார் என்றால் நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். ஆபத்து கையை மீறும் வீடுகளில் அந்த 5 புள்ளியும் தேவைப்படலாம். ஆனால், விலை தெரிந்து எடுக்கும் முடிவாக அது இருக்கட்டும்.