கொட்டிருச்சு, அறுந்துருச்சு: பேச்சு தாமதமான பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம்

பிள்ளைக்கு இரண்டரை வயது. நாலைந்து சொல்லுக்கு மேல் பேச்சு வரவில்லை. ஸ்பீச் தெரபி (பேச்சுப் பயிற்சி) வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ பஸ் ஏறி மதுரைக்கு வந்தாலும் வாரத்தில் கொஞ்ச நேரம்தான் பயிற்சி கிடைக்கும். மீதி நேரமெல்லாம் பிள்ளை உங்களோடுதான் இருக்கிறது. அப்போது என்ன செய்வது?

புதிதாக எதையும் வாங்க வேண்டாம். பால் கொட்டும், செருப்பு வார் அறும், சட்டை தலையில் மாட்டிக்கொள்ளும். தினமும் நடக்கிற இந்தச் சின்னச் சின்னத் தவறுகளே போதும்.

அதில் என்ன பாடம் இருக்கிறது? படப் புத்தகத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்கிறீர்கள். விடை உங்களுக்குத் தெரியும் என்பது பிள்ளைக்கும் தெரியும். சொல்லவேண்டிய தேவை அதற்கு இல்லை. பால் கொட்டும்போது அப்படி இல்லை. இரண்டு பேரும் ஒன்றையே பார்க்கிறீர்கள், பிள்ளைக்கு அதைப் பற்றி ஏதோ தெரிவிக்கவேண்டும் போல இருக்கிறது. அந்த நேரத்தில் காதில் விழும் சொல் மனதில் ஒட்டும்.

இன்னொன்றும் உண்டு. பந்து, பூனை, கார் என்று பெயர்களை நாம் நிறையச் சொல்லிக்கொடுக்கிறோம். கொட்டுவது, வழுக்குவது, சிக்குவது, பிழிவது என்ற வினைகளை அவ்வளவாகச் சொல்வதில்லை. வினை சேர்ந்தால்தான் பேச்சு வாக்கியமாக நீளும். தவறு நடக்கும் இடமெல்லாம் வினைச்சொல்தான்.

சரி, பால் கொட்டிவிட்டது. எப்படிப் பேசுவது? பிள்ளையின் உயரத்துக்குக் குத்தவைத்து உட்காருங்கள். "அச்சச்சோ, பால் கொட்டிருச்சு!" என்று நிறுத்துங்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். இந்தக் காத்திருப்புதான் பெற்றோருக்குக் கஷ்டமான வேலை. நாமே பேசி முடித்துவிடுவோம். பிள்ளை "பா" என்று மட்டும் சொல்லலாம், கையை மட்டும் காட்டலாம். அதையும் பேச்சாகவே எடுத்துக்கொண்டு ஒரு சொல் கூட்டித் திருப்பிக் கொடுங்கள்: "ஆமா, பால் கொட்டிருச்சு. துணி வேணும்." துணியைக் கையில் கொடுத்து, "தொடை, தொடை… ஈரம்… இப்பப் பிழி." கொஞ்ச நேரத்தில் எறும்பு வரும். "எறும்பு வந்திருச்சு!" ஒரு டம்ளர் பாலுக்கு இத்தனை சொல்.

"சொல்லு, சொல்லு, அப்பத்தான் தருவேன்" என்று மட்டும் வற்புறுத்தாதீர்கள். பசியோடு இருக்கும் பிள்ளையிடம் தட்டை மறைத்து வைப்பது பயிற்சி ஆகாது. பேச்சு என்றாலே அதற்குப் பயம் வந்துவிடும்.

விழுந்து அழுதால்? முதலில் தூக்கி அணையுங்கள், பாடம் அப்புறம். அழுகை அடங்கியதும் அப்பத்தா தரையை நாலு அடி அடித்துச் சமாதானம் செய்வார். அத்தோடு விடாமல் நடந்ததையும் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லும்படி அவரிடம் சொல்லுங்கள்: "தண்ணி கிடந்துச்சு, வழுக்கிருச்சு, முட்டி வலிக்குது." வலியைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அழுது புரளும் தேவை குறையும்.

திட்டாமல் விட்டால் கெட்டுப்போகாதா என்று கேட்பீர்கள். கொட்டியதைத் துடைக்க வைப்பதே கண்டிப்புதான். சத்தம் போட்டால் பிள்ளை உங்கள் முகத்தை மட்டும்தான் பார்க்கும், சொல் காதில் ஏறாது.

ராத்திரி அதே சங்கதியை இன்னொரு தடவை எடுங்கள். "அப்பாகிட்ட சொல்வோமா? காலையில என்ன கொட்டுச்சு?" முதலில் இது, பிறகு அது என்று கோத்துச் சொல்லும் பழக்கம் இப்படித்தான் வரும்.

மதுரையில் பல வீடுகளில் சௌராஷ்டிரம் பேசுகிறார்கள், தெருவில் தமிழ். இரண்டு மொழியால்தான் பேச்சு தாமதமாகிறதோ என்று பயப்படவேண்டாம். அது காரணம் அல்ல. உங்களுக்குச் சரளமாக வரும் மொழியிலேயே பேசுங்கள். பள்ளிக்காக இங்கிலீஷுக்கு மாறினால், அம்மாவிடமிருந்து கிடைக்கும் வளமான பேச்சைப் பிள்ளை இழந்துவிடும்.

எப்போது கவலைப்படவேண்டும்? ஒரு வயதாகியும் "பாபா, மாமா" என்று மழலை ஒலி எழுப்பாவிட்டால், ஒன்றரை வயதாகியும் ஒரு சொல் வராவிட்டால், இரண்டு வயதாகியும் "அம்மா வா" போல இரண்டு சொல்லைச் சேர்க்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். வந்த பேச்சு நின்றுபோனால் எந்த வயதானாலும் உடனே போகவேண்டும். அவன் அப்பாவும் லேட்டாகத்தான் பேசினான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மையாகவே இருக்கலாம், ஆனாலும் காட்டிவிடுவது நல்லது. நாக்கில் வசம்பு தேய்ப்பதால் பேச்சு வராது.

முதலில் பார்க்கவேண்டியது காதை. கேட்காத பிள்ளைக்குப் பேச்சு எங்கிருந்து வரும்? கதவுச் சத்தத்துக்குத் திரும்புகிறான் என்பது போதாது; பேச்சொலி தெளிவாகக் கேட்கிறதா என்பதைச் சோதனைதான் சொல்லும். 2013-இல் தொடங்கிய மத்திய அரசின் சிறார் நலத் திட்டப்படி மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இரண்டு முறை வரவேண்டும். பேச்சுத் தாமதமும் அவர்கள் பார்க்கும் பட்டியலில் உண்டு. அவர்கள் வரும் நாளை அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டு வையுங்கள். அதுவரை பொறுக்க மனமில்லை என்றால் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு நேரே போகலாம். தனியாரிடம் போவதாக இருந்தால், பயிற்சி தருபவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்தவர்தானா என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.