புகை சொன்ன கணக்கு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

டீசல் கார் ஒன்று ஏற்றத்தில் கரும்புகை கக்கிச் சென்றால், "நல்ல இழுவை!" என்று வியப்போர் நம்மிடையே உண்டு. சென்ற ஆண்டு வரை நானும் அவர்களுள் ஒருவன். அப்புகை முழுதாக எரியாத டீசலின் கரி என்பதை எனக்கு உணர்த்தியவை இரண்டு: ஒன்று பாடப் புத்தகம், மற்றொன்று என் தந்தையாரின் வாடகைக் கார்.

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் ஏறத்தாழ மாறாத விகிதத்தில் கலந்து எரியும். டீசல் எஞ்சின் அத்தகையதன்று. அது காற்றை மட்டும் உறிஞ்சி, அழுத்திச் சூடேற்றுகிறது. அச்சூட்டில் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ஆற்றல் கூடுவதும் குறைவதும் தெளிக்கும் அளவால்தான். ஆகவே, 'டீசலைக் கூட்டினால் பலம் கூடும்' என்ற எண்ணம் எளிதில் எழுகிறது. அது உண்மையே, ஆனால் காற்று உள்ள மட்டும்தான்.

சிறிய கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். நம் நாட்டில் பல கார்களில் இடம்பெற்ற ஃபியட் 1.3 மல்டிஜெட் எஞ்சினின் கொள்ளளவு 1,248 கன செ.மீ. இரு சுற்றுக்கு ஒருமுறை சிலிண்டர்கள் நிரம்புவதால், நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடுகையில் 1,248 லிட்டர் காற்று உட்செல்லும். அதன் எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. ஒரு கிராம் டீசல் எரிய 14.5 கிராம் காற்று போதும் என்கிறது வேதியியல். ஆனால் இரண்டும் கலப்பதற்குக் கிடைப்பதோ நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரமே! ஆதலால் புகையின்றி எரிய 20 கிராம் எனக் கொள்வோம். அப்படியானால் நிமிடத்துக்கு 75 கிராம் டீசல். அதற்குமேல் தெளித்தால் கரி.

இங்கேதான் டர்போசார்ஜர் துணைக்கு வருகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-இல் காப்புரிமை பெற்ற கருத்து இது. வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனைச் சக்கரம் காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும். அழுத்தம் இருமடங்கானால் காற்றும் இருமடங்காகுமா? ஆகாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். 27 டிகிரியில் நுழைந்த காற்று 120 டிகிரியளவில் வெளிவரும். அடர்த்தி ஒன்றரை மடங்குதான். இன்டர்கூலரில் அது 57 டிகிரிக்குத் தணிந்தால் 1.8 மடங்கு. அப்போது 135 கிராம் டீசலைப் புகையின்றி எரிக்கலாம்.

இனி என் வீட்டுக் கதை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஓடும் அப்பாவின் கார் திடீரென இழுவை இழந்தது. ஒரு பட்டறையில் மின்னணுப் பெட்டியின் கணக்கை மாற்றி டீசலைக் கூட்டித் தந்தார்கள். ஒரு வாரம் நன்றாக ஏறியது. பிறகு வளைவுதோறும் கரும்புகை. பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் சற்று மிகுந்தால் சூடு தணியும், டீசலில் நேர்மாறு. காற்றுக்கு மிஞ்சித் தெளிக்கும் டீசல், வெளியேறும் புகையின் வெப்பத்தை ஏற்றிக்கொண்டே போகும். அந்த நெருப்பில், நிமிடத்துக்கு இலட்சக்கணக்கில் சுழலும் தண்டு எத்தனை நாள் தாங்கும்? டர்போ போயிற்று. என் விடுதிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணமும் அதனுடன் போயிற்று.

எங்கள் தெரு முதிய மெக்கானிக் ஒருவர்தான் மூல நோயைக் கண்டார். எழுத்தறியாதவர். இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர் ஹோஸைக் கையால் தடவி வந்தவர், கிளாம்ப்புக்கு அருகே நிறுத்தி, "இங்க பாரு தம்பி" என்றார். விரல் நீளக் கிழிசல்! வண்டி நிற்கையில் மூடியிருக்கும்; ஏற்றத்தில் அழுத்தம் கூடுகையில் வாய் திறக்கும். குறைந்தது காற்று; நாங்கள் கூட்டியதோ டீசல். போதாததற்கு, இழந்த அழுத்தத்தை ஈடுசெய்ய டர்போ மேலும் வேகமாகச் சுழன்றிருக்கிறது.

காற்று வடிகட்டி, ஹோஸ், இன்டர்கூலர் ஆகியவற்றைப் பார்த்து, மானி வைத்து அழுத்தத்தை அளந்த பிறகே டீசலில் கை வைக்கவேண்டும். அதையும் புகையின் நிறத்தையும் வெப்பத்தையும் பார்த்துச் சிறிது சிறிதாகச் செய்யவேண்டும். எங்களுக்கு அந்தத் தேவையே எழவில்லை. புது ஹோஸும் பழுது நீக்கிய டர்போவும் பொருத்தி, பெட்டியில் பழைய கணக்கையே திரும்ப ஏற்றினோம்.

அப்பா இப்போதும் ஒவ்வொரு வளைவிலும் பக்கக் கண்ணாடியில் புகையைத் தேடிக்கொண்டேதான் மலையேறுகிறார்.