இலையில் எண்ணெய்: கரும்பும் சோளமும் நம்ம ஊர் கணக்கும்

பூலாம்பாடி பக்கம் எண்ணெய்ன்னா விதையிலிருந்து வர்றதுதான்: கடலை, எள்ளு, ஆமணக்கு, பருத்திக்கொட்டை. இலையும் தட்டையும் மாட்டுக்கு. இந்தப் பாகுபாட்டைத்தான் சில ஆய்வுக்கூடங்கள் கலைத்துப் போடப் பார்க்கின்றன. கரும்பு, சோளம் மாதிரிப் பயிர்களின் இலையிலும் தண்டிலும் எண்ணெய் சேர வைக்கிறார்கள். நம்ம வட்டாரப் பயிர்களோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது என்பதால், படித்து வைத்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஏன் இலை? கடலைச் செடியில் எண்ணெய் இருப்பது பருப்பில் மட்டும். செடியின் மற்ற பாகமெல்லாம் கொடியாகப் போகிறது. கரும்போ ஏக்கருக்கு 40 டன் வரை தருது. அதில் முக்கால்வாசி தண்ணீர் என்று கழித்தாலும் 10 டன் உலர் எடை மிச்சம். அதில் 5 சதவீதம் எண்ணெய் இருந்தால் 500 கிலோ. ஏக்கருக்கு ஒரு டன் கடலைக்காய் எடுத்து, உடைத்து, செக்கில் ஆட்டினால் 300 கிலோ சுற்றித்தான் எண்ணெய் வரும். அதோடு, ஒரு கிலோ எண்ணெயில் இருக்கும் எரிசக்தி ஒரு கிலோ சர்க்கரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கணக்கு இப்படித்தான் ஆசை காட்டுது.

ஆனால் சாதாரண இலையில் எண்ணெய் உலர் எடையில் 1 சதவீதம்கூடத் தேறாது. இலைக்கு எண்ணெய் செய்யத் தெரியாமல் இல்லை. கொழுப்பு அமிலம் இலையின் பசுங்கணிகத்திலேயே உருவாகிறது. செல்சவ்வு கட்ட அது வேணும். அதை எண்ணெயாகச் சேமிக்கிற பழக்கம்தான் இலைக்கு இல்லை. அதனால் விஞ்ஞானிகள் நாலு வேலை செய்கிறார்கள்:

ஒன்று, தள்ளுவது. 'ரிங்கிள்டு-1' என்ற மரபணு, சர்க்கரையிலிருந்து வரும் கார்பனைக் கொழுப்பு அமிலத்தின் பக்கம் திருப்பிவிடும் மதகு மாதிரி. இது கெட்டுப்போன செடியின் விதை எண்ணெய் வெகுவாகக் குறைந்து சுருங்கிவிடும். பெயரே அப்படி வந்ததுதான்.

இரண்டு, இழுப்பது. 'டிகேட்' என்ற நொதி, கொழுப்பு அமிலத்தைச் சேர்த்து எண்ணெயாக முடிச்சுப் போடுகிறது.

மூன்று, பொட்டலம் கட்டுவது. 'ஒலியோசின்' என்ற புரதம் எண்ணெய்த் துளியைச் சுற்றி உறை போடுகிறது. விதைகளில் இயல்பாகவே இருப்பதுதான்.

நான்கு, காவல். எண்ணெயை உடைத்துத் தின்னும் நொதியை அடக்கி வைப்பது. குதிரில் நெல்லைக் கொட்டினால் மட்டும் போதாது, எலியையும் பார்க்கணும் இல்லையா?

இதுவரை என்ன கிடைச்சிருக்கு? ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனம் 2014-ல் புகையிலை இலையில் 15 சதவீதம் எண்ணெய் காட்டியது. 2017-ல் அது 30-ஐத் தாண்டியது. கரும்பில் புளோரிடா பல்கலைக்கழகக் குழு 2016-ல் வெளியிட்ட முடிவு, இலையில் சுமார் 1.9 சதவீதம்தான். சோளத்தில் 2019-ல் சிஎஸ்ஐஆர்ஓ 8.4 சதவீதம் வரை கொண்டுவந்தது.

கரும்பு ஏன் பின்தங்குது? அதில் 100-க்கும் மேற்பட்ட குரோமோசோம்கள். 1912-ல் தொடங்கிய கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையம், நாணல் வகைக் காட்டுக் கரும்போடு ஒட்டுச்சேர்த்து கோ 205 ரகத்தைக் கொண்டுவந்தது. இன்றைய உலகக் கரும்பு ரகங்கள் பலவற்றில் அந்தக் கோயம்புத்தூர் ரத்தம் ஓடுது. விளைச்சலுக்கு அது வரம், மரபணு மாற்றுபவருக்குத் தலைவலி. அதைவிடப் பெரிய சிக்கல், எண்ணெய் ஏற ஏறப் பயிர் வளர்த்தி குறைவது. எண்ணெய் சும்மா வர்றதில்லை. தண்டுக்கும் சர்க்கரைக்கும் போகவேண்டிய கார்பன்தான் அது. எண்ணெய் 5 சதவீதம் ஏறி, கரும்பு 40 டன்னிலிருந்து 25 டன்னாக இறங்கினால், மேலே போட்ட கணக்கு படுத்துவிடும்.

ஆலையிலும் ஒரு கேள்வி இருக்கு. பிழியும்போது எண்ணெயில் பெரும்பகுதி சாறோடு வராமல் சக்கையிலேயே தங்கிவிடும். எறையூர் மாதிரி ஒரு சர்க்கரை ஆலையில் சக்கை கொதிகலனுக்குப் போகிற எரிபொருள். அதிலிருந்து எண்ணெயைப் பிரிக்கத் தனி எந்திரம், தனி முதலீடு வேணும். அதை யார் போடுவாங்க? அந்தக் கூடுதல் எண்ணெய்க்கு விவசாயிக்கு டன்னுக்கு எவ்வளவு சேர்த்துக் கொடுப்பாங்க?

இதைக் கேட்கக் காரணம் காட்டாமணக்கு. 2003-ல் திட்டக்குழுவின் அறிக்கை, ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் அதை நட்டு டீசலில் 20 சதவீதம் கலக்கலாம் என்றது. தமிழ்நாட்டிலும் பல இடத்தில் நட்டார்கள். தரிசில் தண்ணி இல்லாமலே காய்க்கும்னு சொன்னாங்க. பின்னாடி கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் நடந்த ஆய்வு, பாசனம் செய்த இடத்திலும் சொன்ன விளைச்சல் வரவில்லை என்று காட்டியது. ரகத்தை வயலில் சோதித்துப் பார்க்கும் முன்பே திட்டம் ஓடிவிட்டது.

சோளத்தில் இன்னொரு விஷயம், தீவனம். மாட்டுத் தீவனத்தின் உலர் எடையில் கொழுப்பு 6, 7 சதவீதத்தைத் தாண்டினால் இரைப்பையில் நார் செரிப்பது கெடும். 8 சதவீத எண்ணெய்ச் சோளத்தட்டையை அப்படியே அள்ளிப் போட முடியாது. வைக்கோலோடு கலந்து அளவாகத்தான் போடணும். அதேசமயம் நியூசிலாந்தின் அக்ரிசர்ச், இலையில் கொழுப்பைக் கொஞ்சமாகக் கூட்டிய ரைகிராஸ் புல்லைத் தீவனத்துக்காகவே உருவாக்கி, அமெரிக்காவில் வயலில் சோதித்தது. பால் மாடு வைத்திருப்பவர்களுக்கு டீசலைவிட இந்த வழி கிட்டத்தில் இருப்பதாக எனக்குத் தோணுது.

இந்தியாவில் 2002-ல் அனுமதி பெற்ற பிடி பருத்தி ஒன்றுதான் இதுவரை விவசாயிகள் பரவலாகப் பயிரிடும் மரபணு மாற்றுப் பயிர். நம்ம மாவட்டத்துப் பருத்திக்காரர்களுக்கு அதன் லாபமும் தெரியும், விதைக்கு வருஷாவருஷம் கடைக்கு நடப்பதும் தெரியும். எண்ணெய்க் கரும்பு இங்கே வர நாளாகும். வரும்போது 'இலையில் எத்தனை சதவீதம்' என்று மட்டும் கேட்காதீங்க. ஏக்கருக்கு மொத்தம் எவ்வளவு, தண்ணி எவ்வளவு, தட்டை மாட்டுக்கு ஆகுமா, கரணையை நாமே எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்க. இந்த நாலுக்கும் பதில் இருந்தால் நடலாம்.