மூலபாடமாக ஒலிப்பதிவு: கருநாடக இசைப்பதிவுகளின் ஒலித்தரத்தை மதிப்பிடும் நெறி

ஆய்வுச்சுருக்கம்

கருநாடக இசைப்பதிவுகளின் ஒலித்தரம் பெரும்பாலும் இரைச்சலின்மையைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. இவ்வளவுகோல் போதாது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. சுவடிப் பதிப்பியலில் மூலபாடத்துக்கு உள்ள நெருக்கமே ஒரு படியின் மதிப்பைத் தீர்மானிப்பதுபோல, இசை நிகழ்ந்த கணத்தில் ஒலிகளுக்கிடையே நிலவிய உறவை எவ்வளவு காத்துள்ளது என்பதே ஒரு பதிவின் தரத்தைத் தீர்மானிக்க வேண்டும். பதிவுத் தொழில்நுட்பத்தின் வளர்ச்சிக் கட்டங்களும், சென்னையின் அரங்கப் பதிவுகளும், பழம்பதிவுகளின் மறுவெளியீட்டில் நேரும் மாற்றங்களும் இந்நோக்கில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஒலித்தரம், ஒலிப்பதிவு, மேற்சுரம், தம்புரா, மூலபாடம், பாடபேதம், ஆவணக் காப்பு

முன்னுரை

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் பதிப்பித்தபோது பல ஏட்டுப் படிகளை ஒப்புநோக்கினார். அவ்வகைப் பதிப்புப் பணிகள் உணர்த்திய உண்மை ஒன்றுண்டு. எழுத்துத் தெளிவும் பிழையின்மையும் கொண்டதாகத் தோன்றும் படி, மூலத்துக்கு நெருக்கமானதாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. செல்லரித்த ஏடு பழைய பாடத்தைக் காத்திருக்கலாம். பின்னெழுதிய செம்மையான படி, எழுதியவரின் திருத்தங்களைச் சுமந்திருக்கலாம்.

மறைந்த இசைவாணர்களைப் பொறுத்தவரை ஒலிப்பதிவே இத்தகைய ஏடு. சாகித்தியமும் சுரக்குறிப்பும் அச்சில் கிடைக்கலாம். கமகத்தின் அசைவும் சொல்லின் ஒலிப்பும் சுருதியின் நுட்பமும் பதிவில் மட்டுமே எஞ்சுகின்றன. ஆகவே பதிவின் ஒலித்தரம் கேட்போரின் இன்பம் பற்றியது மட்டுமன்று. சான்றின் நம்பகம் பற்றியதும் ஆகும்.

1. தமிழ் நூல்கள் சுட்டும் ஒலித்தரம்

ஒலியின் தரத்தை நுணுகி நோக்குவது தமிழுக்குப் புதிதன்று. சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தில், தன்முன் வைக்கப்பட்ட யாழ்களைச் சீவகன் ஆராய்ந்து விலக்குகிறான். நீரில் நின்று இளகிய மரம், இடிவீழ்ந்த மரம் என மரத்தின் குற்றங்களையும், நரம்பில் கலந்த மயிரையும் அவன் எடுத்துக்காட்டுகிறான். ஒலியின் குறை, ஒலி பிறக்கும் பொருளிலேயே தொடங்குகிறது என்னும் கருத்து இதில் அடங்கியுள்ளது.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மற்றொரு கூற்றைத் தருகிறது. அங்கே குழலை யாழும், யாழைத் தண்ணுமையும், தண்ணுமையை முழவும் தொடர்கின்றன. ஆமந்திரிகை முழவோடு இணைகிறது. ஒவ்வொரு கருவியின் சிறப்பையும் தனித்தனியே கூறுவதோடு நில்லாமல், ஒன்றன்வழி மற்றொன்று நிற்கும் ஒழுங்கையும் காதை விளக்குகிறது. இவ்விரு காட்சிகளையும் இணைத்து நோக்கின், ஒலித்தரத்துக்கு இரண்டு கூறுகள் புலனாகின்றன: ஒவ்வோர் ஒலியின் தூய்மை, ஒலிகளுக்கிடையேயான உறவு. இன்றைய மதிப்பீடுகள் முதற்கூற்றில் செலுத்தும் கவனத்தை இரண்டாவதில் செலுத்துவதில்லை.

2. பதிவு காக்க வேண்டியது எது?

இவ்வினாவுக்கு அறிவியல் அடிப்படையிலான விடை சர் சி.வி. இராமனின் ஆய்வுகளிலிருந்து கிடைக்கிறது. மிருதங்கம், தபலா ஆகியவற்றின் தோலில் இடப்படும் கரிய பூச்சு, அவற்றின் மேற்சுரங்களை அடிப்படைச் சுரத்தோடு இயையுமாறு ஒழுங்குபடுத்துகிறது என 1920இல் வெளியான ஆய்வு விளக்கியது. தம்புராவிலும் வீணையிலும் நரம்பு குதிரையின் வளைந்த பரப்பைத் தழுவி அதிர்வதால் மேற்சுரங்கள் செறிந்து எழுகின்றன என்பதை 1921இல் வெளியான ஆய்வு காட்டியது. நரம்புக்கும் குதிரைக்கும் இடையே செருகப்படும் மெல்லிய நூலால் தம்புராவில் உண்டாகும் கார்வை இத்தகையதே.

ஆண்குரலில் இயல்பான 1 கட்டைச் சுருதியின் அதிர்வெண் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். அச்சுருதிக்குக் கூட்டிய தம்புராவின் மந்தர நரம்பு அதில் பாதியாகிய 65 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்கும். அதன் மேற்சுரங்களோ ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் வரை விரிவன. எனவே கருநாடக இசைப்பதிவு மிகத் தாழ்ந்த ஒலியையும் மிக உயர்ந்த ஒலியையும் ஒருங்கே காக்க வேண்டியுள்ளது. தம்புரா மங்கினால் பாடகர் எந்த ஆதாரத்தின்மேல் நின்று கமகத்தை அசைத்தார் என்பதற்கான சான்றும் மங்குகிறது.

3. ஊதுகுழற் பதிவும் மின்வழிப் பதிவும்

இந்தியாவில் கிராமபோன் கம்பெனியின் பதிவுகள் 1902இல் கல்கத்தாவில் தொடங்கின. அடுத்த சில ஆண்டுகளில் சேலம் கோதாவரி, கோயமுத்தூர் தாயி முதலியோரின் குரல்கள் தட்டேறின. அக்காலப் பதிவில் ஒலிவாங்கி இல்லை. பாடகர் அகன்ற ஊதுகுழலின் வாயருகே பாட, ஒலியின் விசையே ஊசியை அசைத்து மெழுகில் வரியிட்டது. இம்முறையில் பதிவானவை பெரும்பாலும் 250 முதல் 2,500 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளே. மேலே கணக்கிட்ட சுருதிகள் இவ்வெல்லைக்குக் கீழே அமைகின்றன. மேற்சுரங்களைக் கொண்டு செவி அடிப்படைச் சுரத்தை உய்த்துணர்வதாலேயே குரல் அடையாளம் காணப்படுகிறது. தம்புராவும் மிருதங்கத்தின் தொப்பி ஒலியும் இத்தகைய தட்டுகளில் அரிதாகவே புலப்படுவதற்குக் காரணம் இதுவே.

பாடலாய்வாளர்க்கு இதனால் ஒரு விளைவு உண்டு. உரசொலியாக வரும் சகரம், ஸகரம் போன்றவற்றின் ஆற்றல் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அமைவது. ஊதுகுழற் பதிவில் அவை தேய்ந்தே கேட்கும். இத்தகைய தட்டை மட்டும் சான்றாகக் கொண்டு, பாடகர் ஒரு சொல்லை இவ்வாறுதான் ஒலித்தார் எனத் துணிந்து பாடபேதம் குறிப்பது பொருந்தாது.

1925 முதல் மின்வழிப் பதிவு வழக்கிற்கு வந்தது. பதிவாகும் மேலெல்லை ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸைக் கடந்தது. மெல்லொலிக் கருவிகளுக்கு இம்மாற்றம் பெரிதும் உதவியது. ஜார்ஜ் டவுனில் தம் இல்லத்தில் சிறு அவைக்கு வாசித்துவந்த வீணை தனம்மாளின் வாசிப்பு 1930களின் தொடக்கத்தில் பதிவானது. ஊதுகுழல் அவ்வீணையின் மீட்டொலியை ஓரளவு பிடித்திருக்கலாம். மீட்டியபின் நரம்பை இழுத்தெழுப்பும், தேய்ந்துசெல்லும் ஒலியைப் பிடித்திருக்காது. இரைச்சல் மிகுந்த இத்தட்டுகள் இன்றும் உயர்ந்த சான்றுகளாக மதிக்கத்தக்கவை.

4. ஒலிநாடா, நெடுநேரத் தட்டு, கேசட்

சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. பின்னர் மயிலாப்பூரை ஒட்டிய கடற்கரைச் சாலைக்கு இடம்பெயர்ந்தது. எதிரொலி கட்டுப்படுத்தப்பட்ட கூடம், கூட்டத்தின் சலசலப்பின்மை, ஒலிபெருக்கியின் குறுக்கீடின்மை ஆகிய மூன்றும் வானொலிப் பதிவுகளுக்கு வாய்த்த நலன்கள். ஒலிநாடா வழக்கிற்கு வந்தபின், மூன்று நிமிட எல்லைக்குள் கீர்த்தனையை அடக்கும் நெருக்கடியும் நீங்கியது.

தட்டிலும் இதே விரிவு நேர்ந்தது. 1948இல் அறிமுகமான நெடுநேரத் தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடங்களுக்கு மேல் இசைக்கும். அமெரிக்காவின் நான்சச் நிறுவனம் 1968இல் வெளியிட்ட இராமநாதபுரம் கிருஷ்ணனின் ‘வித்வான்’ இவ்வகையில் எடுத்துக்காட்டத்தக்கது. குரல், வயலின், மிருதங்கம், கஞ்சிரா, தம்புரா ஆகியவை ஒரே குழுவாக ஒலிக்கும் இத்தட்டில், தாழ்குரலில் பாடும் இடங்களிலும் குரலின் இழைவு மறைவதில்லை.

அடுத்து வந்த கேசட் கருநாடக இசையை இல்லந்தோறும் கொண்டுசேர்த்தது. ஆயினும் ஒலித்தர நோக்கில் அது பின்னடைவே. பதிவுக்கூடத்தில் ஒலிநாடா நொடிக்கு 38 செ.மீ. வேகத்தில் ஓடுவது, கேசட்டில் அவ்வேகம் 4.76 செ.மீ., அதாவது எட்டில் ஒரு பங்கு. நாடாவின் அகலமும் 6.35 மி.மீ.இலிருந்து 3.81 மி.மீ. ஆகக் குறைந்தது. ஒலியை எழுதுவதற்குரிய இடம் சுருங்கியதால் உயர் அதிர்வெண்கள் தேய்ந்தன. நாடாவின் சீற்றொலி மேலெழுந்தது. ஒரே கச்சேரிக்கு மூலநாடாவும் கேசட்டும் கிடைக்குமாயின், கேசட்டை வழிப்படியாகவே கொள்ளவேண்டும்.

5. இரண்டு ஒலிவாங்கிகளின் நெறி

ஒலிகளின் உறவைக் காப்பதில் குறிப்பிடத்தக்க முறை ஒன்றை ஆலன் புளூம்லைன் 1931இல் இலண்டனில் வகுத்தார். ஒரே இடத்தில் குறுக்காக அமைந்த இரண்டு ஒலிவாங்கிகள், இரு செவிகளைப்போல, எந்த ஒலி எத்திசையிலிருந்து எவ்வளவு விசையோடு வந்தது என்பதையும் பதிவுசெய்கின்றன.

இம்முறையை இந்திய இசைக்குப் பயன்படுத்தியவர்களுள் இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர் முதன்மையானவர். கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் அவர் நடத்திய வாட்டர் லில்லி அக்கூஸ்டிக்ஸ் நிறுவனம், இரண்டு ஒலிவாங்கிகளையும் ஒலிநாடாவையும் கொண்டு தேவாலயக் கூடத்தில் பதிவுசெய்தது. விசுவமோகன் பட்டும் ரை கூடரும் இணைந்து வாசித்த ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ 1994இல் கிராமி விருது பெற்றது. இம்முறையில் பதிவுக்குப் பின் ஒரு கருவியை மட்டும் உயர்த்தவோ தாழ்த்தவோ இயலாது. கலைஞர்கள் தமக்குள் ஒருவர்க்கொருவர் இடங்கொடுத்து வாசித்த அளவே பதிவின் அளவாகிறது. அரங்கேற்று காதை கூறும் ஒழுங்குக்கு மிக அணுக்கமான நெறி இதுவே எனலாம்.

6. சபா அரங்குகளும் பதிவின் இரு பாடங்களும்

மியூசிக் அகாதெமி, தியாகராய நகரின் வாணி மகால், கிருஷ்ண கான சபா போன்ற அரங்குகளில் நிகழும் கச்சேரிகள் ஒலிபெருக்கியை நம்பியவை. ஒவ்வொரு கலைஞர்க்கும் தனி ஒலிவாங்கி அமைத்து, கலவைப் பலகையில் அவற்றை இணைப்பது வழக்கம். அப்பலகையிலிருந்தே நேரே பதிவெடுப்பின் இரைச்சல் குறையும். ஆனால் வேறொரு சிக்கல் எழும். கலவை அரங்கத்தில் இருப்போருக்காகச் செய்யப்படுவது. சிற்றரங்கில் மிருதங்கம் இயல்பாகவே உரக்கக் கேட்பதால், அதன் ஒலி பலகையில் குறைத்தே வைக்கப்படும். அரங்கில் நிறைவாகக் கேட்ட மிருதங்கம் பலகைப் பதிவில் நலிந்து கேட்பது இதனாலேயே.

இதற்கு மாறாக, அவையில் அமர்ந்த இரசிகர் எடுத்த பதிவில் இருமலும் விசிறியொலியும் கலந்திருக்கும். கருவிகளின் உறவோ அவையோர் கேட்டவாறே இருக்கும். ஒன்று சொல்லையும் சுரத்தையும் தெளிவாகத் தருவது. மற்றொன்று இசையின் ஒருமையைத் தருவது. இவை ஒரே நிகழ்வின் இரு பாடங்கள். ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தள்ளாமல், இரண்டையும் ஒப்புநோக்குவதே முறை.

அண்மைக்காலத்தில் மெட்ரசனா போன்ற அமைப்புகள் ஒலிபெருக்கியின்றிக் கச்சேரிகளை நடத்திப் பதிவுசெய்துள்ளன. லஸ் பகுதியின் ராகசுதா அரங்கு போன்ற சிறுகூடங்கள் இத்தகைய இசைக்கு ஏற்றவை. இங்கே கலைஞர் கேட்பதும் அவையோர் கேட்பதும் பதிவாவதும் பெரிதும் ஒன்றேயாகின்றன.

7. மறுவெளியீட்டில் நேரும் திருத்தம்

பழந்தட்டுகளை எண்ணிம வடிவுக்கு மாற்றும்போது மூன்று இடங்களில் பாடம் திரிகிறது.

முதலாவது, வேகம். ‘78 சுற்றுத் தட்டு’ என்பது பொதுப்பெயரே. தொடக்ககாலத் தட்டுகள் பல வேறு வேகங்களில் பதிவானவை. 78 சுற்றில் பதிவான தட்டை 80 சுற்றில் இயக்கினால் சுருதி ஏறத்தாழ அரைச்சுரத்தில் பாதியளவு உயரும். வேகத்தை உறுதிசெய்யாமல் பாடகரின் கட்டையைக் கணிப்பது பிழையாகும்.

இரண்டாவது, இரைச்சல் நீக்கம். இதற்குரிய மென்பொருள்கள், இடையறாது ஒரே சீராக ஒலிப்பதை இரைச்சலாகக் கொண்டு கழிக்கும் இயல்புடையவை. தம்புராவும் இடையறாது ஒரே சீராக ஒலிப்பதே. அளவுகடந்த நீக்கத்தில் தட்டின் உராய்வொலியோடு ஆதார சுருதியின் மேற்சுரங்களும், வீணையொலியின் தேய்வும், வில்லின் உரசலும் அகன்றுவிடுகின்றன. எஞ்சும் பதிவு தூய்மையாகத் தோன்றும். அது பதிப்பாசிரியர் தம் கருத்துப்படி திருத்திய ஏட்டை ஒத்தது.

மூன்றாவது, ஒலியளவைச் சமன்செய்தல். குறுந்தட்டின் 16 பிட் அமைப்பு ஏறத்தாழ 96 டெசிபல் வேறுபாட்டைத் தாங்கவல்லது. எனினும் எங்கும் உரக்கக் கேட்கவேண்டும் என்பதற்காக மெல்லொலி உயர்த்தப்படுகிறது. கமகத்தில் அழுத்தமும் மென்மையும் மாறிமாறி வரும் நுட்பம் இதனால் தட்டையாகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் ஒலித்தரமும் இரைச்சலின்மையும் ஒன்றல்ல என்பது பெறப்படுகிறது. தம்புராவும் குரலும் பக்கவாத்தியமும் நிகழ்ந்தவாறே உறவுகொண்டு ஒலிக்கும் பதிவே தரமான பதிவு. இசைத்தமிழ் ஆய்வில் ஒரு பதிவைச் சான்றாகக் காட்டுவோர், பாடலின் பெயரோடும் பாடகரின் பெயரோடும் நில்லாது, அது மூலமா வழிப்படியா, பலகைப் பதிவா அவைப் பதிவா, எவ்வேகத்தில் இயக்கப்பட்டது, இரைச்சல் நீக்கத்துக்கு உட்பட்டதா என்பனவற்றையும் குறிப்பது இன்றியமையாதது.

காப்பகங்களுக்கும் இது பொருந்தும். பன்னாட்டு ஒலி, காட்சி ஆவணக் காப்பகக் கழகத்தின் நெறிமுறைகள், திருத்தமில்லாப் படியைத் தனியே காக்கவும், மாதிரி ஒன்றுக்கு 24 பிட் செறிவில் பதிவுசெய்யவும் வலியுறுத்துகின்றன. கேட்போருக்கான திருத்திய வடிவம் அதற்கு அடுத்தநிலையதே. சென்னையின் ஈரக்காற்றில் ஒலிநாடாவின் ஒட்டுப்பூச்சு இளகிச் சிதைவது இப்பணிக்குரிய காலத்தை நாளும் குறுக்கிவருகிறது. சிந்தாமணியும் சிலம்பும் அச்சேறிய பின்னும் ஏடுகள் வீசப்படவில்லை. பெசன்ட் நகரில் உ.வே.சா. நூல்நிலையம் அவர் திரட்டிய சுவடிகளை இன்றும் பேணுகிறது. எண்ணிமப் படி எடுத்தாயிற்று என்பதற்காக நாடாவையும் தட்டையும் கைவிடுவது, ஐயம் எழும்போது ஒப்புநோக்க மூலமில்லாத நிலைக்கு ஆய்வுலகைத் தள்ளிவிடும்.