மழைக்காலத்தில் மின்சார ஓவன்

புணே நகரில் கோடையின் வறண்ட காற்று ஜூன் மாதத்தில் பருவமழையால் ஈரமடைகிறது. பல வாரங்கள் பயன்படாதிருந்த ரொட்டி சுடும் மின்சார ஓவனை அப்போது இயக்கினால், சில வேளைகளில் வீடு முழுவதும் மின்சாரம் நின்றுவிடும். இதன் காரணம் யாது?

ஓவனின் வெப்பக் குழாயினுள் நிக்கல்-குரோமியக் கம்பிச் சுருள் உள்ளது. அது குழாயைத் தொடாதவாறு மக்னீசியம் ஆக்ஸைடுத் தூள் நிரப்பப்பட்டுள்ளது. உலர்ந்த தூள் வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைத் தடுக்கும். குழாயின் முனைகள் வழியே அது ஈரத்தை உறிஞ்சினால், மின்னோட்டத்தின் ஒரு பகுதி உலோக உறைக்குக் கசிந்து, எர்த் கம்பி வழியே நிலத்தை அடையும்.

செல்லும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று கவனிப்பதே கசிவுத் தடுப்பானின் பணி. வீடுகளில் வழங்கும் தடுப்பான், வேறுபாடு 30 மில்லி ஆம்பியரைத் தாண்டுமுன் இணைப்பைத் துண்டிக்கும்.

மிகைச் சுமையால் மின்சாரம் நிற்பது வேறு. 2,000 வாட் ஓவன் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் கொள்ளும். அதற்கு 16 ஆம்பியர் பிளக் வேண்டும். அவ்வாறிருந்தும் கசிவுத் தடுப்பானே விழுந்து, ஓவனின் பிளக்கை அகற்றியபின் அது நிலைத்து நின்றால், குறை ஓவனில் இருப்பதாகக் கொள்ளலாம்.

மின்பணியாளர் 500 வோல்ட் மெக்கர் கருவியால் மின்காப்புத் தடையை அளப்பார். ஈரமே காரணமாயின் உலர்த்தியபின் தடை உயரும்; உயராவிடில் குழாயை மாற்றவேண்டும்.

தடுப்பானை அகற்றுவதும் எர்த் முனையை வெட்டுவதும் தீர்வாகா. அவற்றால் கசிவு நிற்பதில்லை. ஓவனைத் தொடுபவரின் உடலே அதற்கு வழியாகிவிடும்.