மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் ‘வெள்ளைக்காரங்க நோயா’? மரபணு சொல்வது என்ன?

நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே, மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையைத் தாக்கினால்? அதுதான் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்எஸ். பார்வை மங்கும், கை கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். ‘அதெல்லாம் வெள்ளைக்காரங்களுக்கு வர்ற நோய்’ என்ற பேச்சு ரொம்ப காலமாகவே உண்டு. உண்மை என்ன?

வட ஐரோப்பாவில் ஏன் அதிகம்?

6-வது குரோமோசோமில் எச்எல்ஏ என்ற மரபணுக்கள் உள்ளன. எது கிருமி, எது நம் செல் என எதிர்ப்பு மண்டலம் பிரித்தறிய உதவுபவை இவை. இதில் ‘டிஆர்பி1*15:01’ என்ற வகை இருந்தால், ஐரோப்பிய வம்சாவளியினருக்கு எம்எஸ் ஆபத்து சுமார் 3 மடங்கு. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் புல்வெளிகளிலிருந்து ஐரோப்பா வந்த கால்நடை மேய்ப்பர்கள் வழியே இந்த ஆபத்து பரவியதாக 2024-ல் வெளியான பழங்கால டிஎன்ஏ ஆய்வு கூறுகிறது. கால்நடைகளிடமிருந்து தொற்றும் கிருமிகளைத் தடுக்க அன்று இது உதவியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

எல்லோருக்கும் ஒரே மரபணுவா?

இல்லை.

* இத்தாலியின் சார்டினியா தீவில் எம்எஸ் அதிகம். ஆனால் அங்கே முக்கியமாகத் தொடர்புபடுத்தப்படுவது 03:01 வகை.
* ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் 15:03 வகையும் ஆபத்தைக் கூட்டுகிறது.
* தெற்கு கலிபோர்னியாவில் 2013-ல் வெளியான ஆய்வில், வெள்ளையினப் பெண்களைவிட கறுப்பினப் பெண்களுக்கே எம்எஸ் 47% அதிகம் கண்டறியப்பட்டது. ஆசிய வம்சாவளியினருக்குக் குறைவு. ஆனால் வராமல் இல்லை.

மரபணு இருந்தால் நோய் வந்தே தீருமா?

அப்படியில்லை. ஒரே மாதிரி இரட்டையரில் ஒருவருக்கு எம்எஸ் இருந்தாலும், மற்றவருக்கு வருவது சுமார் நான்கில் ஒரு பங்கு ஜோடிகளில்தான். எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்று, புகைப்பழக்கம், வைட்டமின் டி குறைபாடு ஆகியவற்றுக்கும் பங்குண்டு.

அப்போ சிக்கல் எங்கே?

எம்எஸ் தொடர்பான 200-க்கும் மேற்பட்ட மரபணு இடங்கள் கண்டறியப்பட்டுள்ளன. ஆனால் அவை பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்து நடந்த ஆய்வுகளின் முடிவு. அதை வைத்து மற்றவர்களின் ஆபத்தைக் கணித்தால் தப்பாகலாம். ‘இவங்களுக்கு இது வராது’ என்ற நினைப்பால் நோயைக் கண்டறிவதும் தள்ளிப்போகும். சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் நரம்பு பாதிப்பைக் குறைக்க முடியும் என்பதால், இந்தத் தாமதம் ஆபத்தானது.

எனவே திடீர் பார்வை மங்கல், நாள்கணக்கில் நீடிக்கும் மரத்துப்போதல் இருந்தால், எந்த இனத்தவராக இருந்தாலும் நரம்பியல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.