லெவல் எண்ணும் சம்பளச் சீட்டும்: காரைக்காலில் ஒரு கணக்கு

புதுவைப் பல்கலைக்கழகம் 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான மத்தியப் பல்கலைக்கழகம். தலைமை வளாகம் காலாப்பட்டில். காரைக்காலில் ஒரு கிளை வளாகம் இருக்கிறது. காரைக்காலின் நில எல்லையெல்லாம் தமிழ்நாடு என்றாலும், இந்த வளாகத்து ஊழியருக்குத் தமிழக அரசின் ஊதிய விதிகள் பொருந்தா. 2016 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஏழாவது மத்திய ஊதியக் குழுவின் அட்டவணைதான் இங்கே கணக்கு.

ஊழியர்கள் ‘பே மேட்ரிக்ஸ்’ என்று சொல்லும் அந்த அட்டவணையில் ஒவ்வொரு பதவிக்கும் ஒரு லெவல். பன்முகப் பணியாளர் எனப்படும் எம்.டி.எஸ். லெவல் 1, தொடக்கச் சம்பளம் 18,000 ரூபாய். எல்.டி.சி. என்னும் கீழ்நிலை எழுத்தர் லெவல் 2, 19,900, யு.டி.சி. என்னும் மேல்நிலை எழுத்தர் லெவல் 4, 25,500. பிரிவு அலுவலர் லெவல் 7, 44,900. உதவிப் பதிவாளர் லெவல் 10, 56,100. பதிவாளர் லெவல் 14, 1,44,200. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு வகைப்பாட்டில் லெவல் 5 வரை ‘சி’ பிரிவு, 6 முதல் 9 வரை ‘பி’, அதற்கு மேல் ‘ஏ’. பழைய ‘டி’ பிரிவு ஆறாவது ஊதியக் குழுவோடு ஒழிந்து, ‘சி’யில் கரைந்துவிட்டது.

சம்பளம் உயரும் வழிகள் மூன்று: ஆண்டுதோறும் இன்கிரிமென்ட், பதவி உயர்வு, பதவி உயர்வு கிடைக்காதவருக்கு எம்.ஏ.சி.பி. இன்கிரிமென்ட் அடிப்படைச் சம்பளத்தில் சுமார் 3 விழுக்காடு. ஜனவரி 1 அல்லது ஜூலை 1 அன்று அட்டவணையில் ஒரு கட்டம் கீழே இறங்கினால் போதும். எம்.ஏ.சி.பி. என்பது 10, 20, 30 ஆண்டுப் பணி முடிவில் அடுத்த லெவலைத் தரும் ஏற்பாடு. 19,900இல் சேர்ந்த எழுத்தர் பத்து இன்கிரிமென்ட்டுக்குப் பின் 26,800இல் நிற்பார். எம்.ஏ.சி.பி. வந்தால் ஒரு கட்டம் கூடி, லெவல் 3இல் 27,600. அதே நாளில் யு.டி.சி.யாகப் பதவி உயர்வே கிடைத்திருந்தால் 27,900. பதவி உயர்வுக்கும் அது இல்லாத ஆறுதலுக்கும் அன்றைய வித்தியாசம் 300 ரூபாய்தான். ஆனால் பதவிப் பெயரும் அதிகாரமும் அடுத்த பதவிக்கான வரிசையும் பதவி உயர்வு பெற்றவருக்கு மட்டுமே. ஊழியர் சங்கங்கள் சீனியாரிட்டி பட்டியலுக்காக விடாமல் மல்லுக்கட்டுவதில் வியப்பில்லை.

காரைக்காலுக்கென்று ஒரு தனி இழப்பும் உண்டு. வீட்டு வாடகைப்படிக்காக ஊர்கள் எக்ஸ், ஒய், இசட் எனப் பிரிக்கப்பட்டுள்ளன. புதுச்சேரி ஒய், காரைக்கால் இசட். அகவிலைப்படி 2024 ஜனவரியில் 50 விழுக்காட்டைத் தொட்டதும் வாடகைப்படி ஒய் ஊர்களில் 20, இசட் ஊர்களில் 10 விழுக்காடு ஆனது. 27,600 ரூபாய் அடிப்படைச் சம்பளக்காரர் புதுச்சேரியில் 5,520 வாங்குவார். காரைக்காலுக்கு மாற்றலானால் 2,760. பத்தாண்டு காத்திருந்து எம்.ஏ.சி.பி.யில் கிடைத்த 800 ரூபாயைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஒரே மாற்றல் உத்தரவில் போய்விடுகிறது.

ஆசிரியர்களுக்கு அட்டவணையே வேறு. உதவிப் பேராசிரியர் ‘கல்வி லெவல் 10’இல் 57,700 ரூபாயில் தொடங்குகிறார். உதவிப் பதிவாளரும் லெவல் 10தான், ஆனால் 1,600 ரூபாய் குறைவு. இணைப் பேராசிரியருக்கு லெவல் 13ஏ, 1,31,400. பேராசிரியருக்கு லெவல் 14, 1,44,200. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி, பி.எச்டி. உள்ளவர் நான்கு ஆண்டில் லெவல் 11க்குத் தகுதி பெறுவார். பி.எச்டி.யும் எம்.ஃபிலும் இல்லாதவருக்கு ஆறு ஆண்டு. காலியிடம் இருக்கவேண்டிய அவசியமில்லை. மதிப்பீட்டில் தேறினால் போதும். இதே காரைக்கால் மாவட்டத்தில், திருவேட்டக்குடியில் உள்ள என்.ஐ.டி.யில் கதை மாறுகிறது. அங்கே பேராசிரியரின் தொடக்கச் சம்பளம் 1,59,100. ஆனால் ஆண்டு எண்ணிக் காத்திருந்தால் மட்டும் மேலே போக முடியாது. விளம்பரம் வந்ததும் விண்ணப்பித்து, வெளியாட்களோடு போட்டியிட்டுத்தான் ஏற வேண்டும்.

எல்லை தாண்டி நாகப்பட்டினம் போனால் எண்களே இடம் மாறிவிடும். தமிழக அரசின் ஊதிய விதிகளில் இளநிலை உதவியாளர் லெவல் 8. தொடக்கச் சம்பளம் 19,500. காரைக்கால் எல்.டி.சி.யின் லெவல் 2 அதைவிட 400 ரூபாய் கூடுதல். எண்ணை வைத்து ஒப்பிட்டால் ஏமாற்றம்தான்.

இன்கிரிமென்ட் தேதியிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஜூன் 30 அன்று ஓய்வுபெற்றவர் முழு ஆண்டு உழைத்தும், மறுநாள் பணியில் இல்லை என்பதால் அந்த உயர்வை இழந்தார். 2017இல் சென்னை உயர் நீதிமன்றமும் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் ஊழியர் பக்கம் நின்றன. இப்போது ஓய்வூதியக் கணக்குக்கு மட்டும் அந்த உயர்வு சேர்த்துக்கொள்ளப்படுகிறது.

நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையிலான எட்டாவது ஊதியக் குழு 2025 நவம்பரில் அமைக்கப்பட்டது. அறிக்கை தர 18 மாத அவகாசம். அறிக்கை வந்தாலும் ஆசிரியர்களுக்குத் தனி உத்தரவு தேவைப்படும். சென்ற முறை மத்திய அரசு ஊழியருக்கான விதிகள் 2016 ஜூலையில் வந்தன. பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கான உத்தரவு 2017 நவம்பர் 2 அன்றுதான் வந்தது, 2016 ஜனவரியிலிருந்து கணக்கிட்ட நிலுவைத் தொகையோடு.